லாரி டயரிலிருந்து வரும் ஸ்டீல் ஃபைபர்: தரைக் கான்கிரீட்டில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

தொழிற்கூடத் தரை, லாரி யார்டு, குடோன், உள்சாலை என்று மண்ணின் மேல் நேராக உட்காரும் கான்கிரீட்டில் வெல்ட் மெஷ்ஷுக்கு (பற்றவைத்த கம்பி வலைக்கு) பதிலாக ஸ்டீல் ஃபைபர், அதாவது கலவையோடு சேர்க்கும் குட்டை எஃகு இழை, போடுவது சகஜமாகிவிட்டது. அதன் பின்னாலேயே பழைய டயரை அரைத்து எடுத்த ஃபைபரும் வந்து சேர்ந்திருக்கிறது. "புதுசுக்கு நிகர், விலை கம்மி" என்பதுதான் விற்பவர் சொல்லும் வரி. அதில் பாதி உண்மை. சரியாகப் பிரித்துச் சுத்தம் செய்த டயர் ஃபைபர் நல்ல பொருள். தரைக் கான்கிரீட்டில் அதற்கென்று ஒரு வேலை உண்டு. ஆனால் அதே பெயரில் நான்கு விதமான சரக்கு மூட்டையில் வருகிறது, அதில் இரண்டு கான்கிரீட்டுக்கு ஆகாது. எனவே இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் மூட்டையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

முதலில் டயருக்குள் இருக்கும் இரும்பு. லாரி ரேடியல் டயரின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் எஃகு இருக்கும். கார் டயரில் அதைவிடக் குறைவு, கூடவே நூல் இழையும் உண்டு. எஃகு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ரிம்மில் உட்காரும் விளிம்பில் உள்ள பீட் வயர். தடிமன் ஏறக்குறைய 1 மி.மீ. அல்லது அதற்கு மேல். இன்னொன்று, ஓடும் பரப்பின் அடியிலும் டயரின் உடலிலும் இருக்கும் முறுக்குக் கம்பி. அதன் ஒவ்வொரு இழையும் 0.15 முதல் 0.4 மி.மீ. வரை. ஃபைபராக நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது. பழைய நைலான் லாரி டயரில் இது கிடையவே கிடையாது, பீட் வயர் மட்டும்தான். நைலான் டயரும் ரேடியல் டயரும் கலந்து அரைபடும் இடத்திலிருந்து வரும் மூட்டையில் தடித்த கம்பி நிறைய இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டயர் அரைப்பவருக்குக் காசு ரப்பர் தூளில் வருகிறது. கம்பி அவருக்கு வழியில் கிடைக்கும் மிச்சம்; வழக்கமாக எடைக்குப் போட்டு உருக்காலைக்கு அனுப்புவார். அதையே ஃபைபர் என்று மூட்டை கட்டினால் கூடுதல் விலை கிடைக்கும் என்று தெரிந்தபின், சல்லடையில் பிரிக்கிற வேலையைச் செய்பவர் சிலர், செய்யாமலே மூட்டை கட்டுபவர் பலர்.

நான்கு சரக்கும் இவை.

அரைவை இயந்திரத்திலிருந்து நேராக வரும் குப்பைக் கம்பி முதலாவது. குருவிக்கூடு போலப் பின்னிக் கிடக்கும், ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்கும், கார் டயர் என்றால் பஞ்சு போன்ற நூலும் இருக்கும். கையால் பிரித்தால் பிரியாது. இதை மிக்சரில் போட்டால் போட்ட உருவிலேயே வெளியே வரும்.

இரண்டாவது, டயரைக் காற்றில்லாமல் சூடேற்றி எண்ணெய் எடுக்கும் பைரோலிசிஸ் ஆலையின் கம்பி. ரப்பர் துளிகூட இருக்காது என்பதால் பார்க்கச் சுத்தமாகத் தெரியும், ஆனால் கரி பூசியிருக்கும். டயர் கம்பியின் வலிமை அதைக் குளிர்நிலையில் இழுத்து மெலிதாக்கியதால் வந்தது. 400, 500 டிகிரியில் மணிக்கணக்காகக் கிடந்தால் அந்த வலிமையில் ஒரு பங்கு போய்விடும். மேலே படிந்த கரி சிமென்ட் ஒட்டுவதையும் கெடுக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: ஓர் இழையை விரலில் வளைத்து விடுங்கள். நல்ல டயர் இழை துள்ளி நேராகும், சூடுபட்டது வளைந்தபடியே நிற்கும். வெள்ளைத் துணியில் தேய்த்தால் கறுப்பு இறங்கும்.

மூன்றாவது, அரைத்து, காந்தத்தில் பிரித்து, அதிரும் சல்லடைகளில் நீளவாரியாகத் தரம் பிரித்த ஃபைபர். இந்தக் கட்டுரையில் இனி டயர் ஃபைபர் என்றால் இதுதான்.

நான்காவது, டயர் தொழிற்சாலைகளில் மீந்துபோகும் கம்பிக் கயிற்றை அளவாக வெட்டியது. சாலையைப் பார்க்காத கம்பி, ஒரே நீளம், ரப்பர் அனேகமாக இல்லை, பித்தளைப் பூச்சின் மஞ்சள் மினுமினுப்பு அப்படியே இருக்கும். நான்கிலும் நம்பகமானது இதுதான். எப்போதும் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

இந்தப் பொருள் திடீரென்று முளைத்ததல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் கைப்ரோஸ் பிலகுட்டாஸ் குழு 2000-களின் தொடக்கத்திலிருந்தே டயர் ஃபைபரைக் கான்கிரீட்டில் போட்டு ஆராய்ந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2006 முதல் 2009 வரை ஈகோலேன்ஸ் என்ற திட்டம் ரோலர் அழுத்திய கான்கிரீட் சாலையில் இதைப் பயன்படுத்திப் பார்த்தது. 2014 முதல் 2017 வரை நடந்த அனாயென்னிசி திட்டம் டயரின் ரப்பர், நூல், கம்பி மூன்றையுமே கான்கிரீட்டில் எப்படிப் போடலாம் என்று பார்த்தது. அந்த ஆய்வுகளில் நல்ல முடிவு தந்தது மூன்றாவது, நான்காவது வகைச் சரக்கு. விற்பவர் ஆய்வுத்தாளைக் காட்டி முதல் வகை மூட்டையை இறக்கினால், அந்தத் தாளுக்கும் மூட்டைக்கும் சம்பந்தமில்லை.

பையில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் "இழுவிசை 2,500 மெகாபாஸ்கல்" என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம். எண் பொய்யில்லை, புதிய கொக்கி ஃபைபருக்கு (ஃபைபராகவே செய்து முனையை வளைத்த கம்பிக்கு) 1,100, 1,200 என்று இருக்கும்போது இது இரட்டிப்புதான். ஆனால் அந்த வலிமைக்கு வேலை வருவதில்லை. 20 மி.மீ. நீளமுள்ள இழை ஒரு விரிசலைக் குறுக்கே பிடித்தால், குட்டையான பக்கம் கான்கிரீட்டுக்குள் புதைந்திருப்பது சராசரியாக நீளத்தில் கால் பங்கு, அதாவது 5 மி.மீ. 0.2 மி.மீ. தடிமன் உள்ள வழுவழுப்பான இழையை அந்த 5 மி.மீ. பிடிப்பிலிருந்து உருவ 10 நியூட்டன் அளவு போதும். அறுக்க 75 நியூட்டனுக்கு மேல் வேண்டும். அறுவதற்கு வெகு முன்னால் உருவிக்கொண்டு வந்துவிடும். அரைபடும்போது ஏற்படும் நெளிவும் மடிப்பும் பிடிப்பைக் கூட்டுகின்றன. ஆகவே நெளிந்த ஃபைபரைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம், அதுதான் இதன் கொக்கி.

எண்ணிக்கையில்தான் டயர் ஃபைபரின் பலம். 60 மி.மீ. நீளம், 0.9 மி.மீ. தடிமன் கொண்ட கொக்கி ஃபைபர் ஒரு கிலோவில் சுமார் 3,300 இருக்கும். 20 மி.மீ. நீளம், 0.2 மி.மீ. தடிமன் கொண்ட டயர் இழை ஒரு கிலோவில் சுமார் 2 லட்சம். ஒரு கன மீட்டருக்கு 30 கிலோ போட்டால் 60 லட்சம் இழை. முடிபோன்ற விரிசல் எங்கே தொடங்கினாலும் பக்கத்தில் ஓர் இழை இருக்கும். விரிசல் அரை மி.மீ. விரியும்வரை டயர் ஃபைபர் நன்றாகவே தாங்கும். அது 2, 3 மி.மீ. என்று விரியும்போது குட்டை இழைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும், சுமை கீழே இறங்கும். நீளக் கொக்கி ஃபைபர் அங்கேதான் கடைசிவரை பிடிக்கும்.

இந்த வித்தியாசத்தைக் காட்டும் ஐரோப்பியச் சோதனை ஈஎன் 14651. 150 மி.மீ. சதுர உத்தரத்தின் அடியில் 25 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுப் போட்டு, நடுவில் அழுத்தி, வெட்டின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மி.மீ. திறக்கும்போது மிச்சமிருக்கும் வலிமையை அளப்பார்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 14889-1 கேட்பது 0.5-ல் 1.5 மெகாபாஸ்கல், 3.5-ல் 1 மெகாபாஸ்கல். அதை எட்ட எத்தனை கிலோ போட வேண்டும் என்று தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே தாள் இந்தச் சோதனை முடிவு. பதிலுக்கு அவர்கள் நீட்டுவது பெரும்பாலும் கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்ட் ரிப்போர்ட். அழுத்த வலிமையில் ஃபைபர் பெரிதாக எதையும் மாற்றாது. சற்றுக் கூடலாம், கலவை இறுகி ஒழுங்காக அடைபடாவிட்டால் குறையவும் செய்யும். நம் ஊர் ஐஎஸ் 516 வளைவுச் சோதனையும் முதல் விரிசலோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிந்தைய கதையைச் சொல்லாது. ஈஎன் சோதனைக்கு விரிசல் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் வேண்டும். சின்ன ஊர் லேபில் இருக்காது. ஐஐடி மெட்ராஸ் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். பெரிய பரப்பு என்றால் அந்தச் செலவு வீண் போகாது.

மூட்டையைச் சோதிப்பது

ஒரே லோடிலிருந்து மூன்று மூட்டையைப் பிரித்து, மேலிருந்து அல்ல, நடுவிலிருந்து மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுங்கள். மெல்லிய குட்டை இழைகள் வழியிலேயே அடியில் இறங்கிவிடும். மேலே கிடப்பதைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

கிராஃப் தாளில் 200 இழைகளை வரிசையாக வைத்து நீளம் எண்ணுங்கள். ஒரு மணி நேர வேலை, கண் வலிக்கும், ஆனால் இதைவிட உண்மை சொல்லும் சோதனை கிடையாது. 15 முதல் 40 மி.மீ.க்குள் 100-க்கு 75 ஆவது இருக்க வேண்டும். 10 மி.மீ.க்குக் கீழே 10-க்கு மேல் இருந்தால் அது எடைக்குச் சேர்த்த தூள். 50 மி.மீ.க்கு மேல் 5-ஐத் தாண்டினால் கலக்கும்போது இழைகள் பின்னி உருண்டையாவது நிச்சயம்.

பீட் வயர் துண்டுகளைத் தனியே பொறுக்கி எடை போடுங்கள். 1 மி.மீ. தடிமனில் 30 மி.மீ. நீளத் துண்டு ஒன்று 0.18 கிராம் இருக்கும், ஏறக்குறைய 37 மெல்லிய இழைகளின் எடை. மூட்டை எடையில் 20 சதவீதம் பீட் வயர் என்றால், 30 கிலோவுக்குக் காசு கொடுத்து 24 கிலோ வாங்குகிறீர்கள் என்று பொருள். வழுவழுப்பான அந்தக் கட்டைத் துண்டு விரிசலில் பெரிதாகப் பிடிக்காது.

ரப்பர், நூல் இரண்டும் சேர்ந்து எடையில் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒரு கிலோ எடுத்து, காந்தத்தால் மூன்று தடவை தூக்கி உதறி, விழுந்ததை எடை போட்டால் தெரிந்துவிடும். வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பதைப் பார்ப்பது தப்பான வழி, டயர் ரப்பர் தண்ணீரில் மூழ்கும். உப்பு கரையும்வரை கரைத்த தண்ணீரில் போட்டால் மிதந்து வரும். லிட்டருக்கு 350 கிராம் கல்லுப்பு ஆகும். சோதித்த அந்த ஃபைபரை மறந்தும் கலவையில் போடாதீர்கள். ரப்பர் கொஞ்சம் இருந்தால் வலிமை விழுந்துவிடாது, 2 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு அரை லிட்டர் சொச்சம்தான். ஆனால் மட்டம் தட்டும்போது மேலே மிதந்து வந்து கறுப்புப் புள்ளியாக நிற்கும், பிறகு பெயர்ந்து குழியாகும். நூல் அதைவிடத் தொல்லை. ஃபைபர் உருண்டைக்கு விதை அதுதான்.

கலவை

எம்30 (28 நாளில் 30 மெகாபாஸ்கல் அழுத்த வலிமை) தரைக்கு, கன மீட்டருக்கு 30 கிலோ டயர் ஃபைபரோடு இது நன்றாக அமைகிற கணக்கு: ஓபிசி (சாதாரண போர்ட்லாண்ட்) சிமென்ட் 380 கிலோ, தண்ணீர் 171 லிட்டர், எம்-சாண்ட் 820 கிலோ, 12 மி.மீ. ஜல்லி 620, 20 மி.மீ. ஜல்லி 420, கலவையை இளக்கும் பிசிஇ வகை அட்மிக்சர் சிமென்ட் எடையில் 0.8 முதல் 1 சதவீதம். மணல் சாதாரணத் தரைக் கலவையைவிடக் கூடுதலாகத் தெரியும், அது வேண்டுமென்றேதான். இத்தனை லட்சம் இழைகளைப் போர்த்தச் சாந்து வேண்டும். 20 மி.மீ. ஜல்லியை அதிகமாக்கினால் 20 மி.மீ. இழை ஜல்லிகளுக்கு நடுவே வளைந்து ஒதுங்கிவிடும், விரிசலைக் குறுக்கே பிடிக்க நீளம் மிஞ்சாது.

ஒரு மூட்டை சிமென்ட் பிடிக்கும் மிக்சர் மெஷினுக்கு: எம்-சாண்ட் 108 கிலோ, 12 மி.மீ. ஜல்லி 82, 20 மி.மீ. ஜல்லி 55, ஃபைபர் 4 கிலோ, தண்ணீர் இருபத்திரண்டரை லிட்டர். மணலில் இருக்கும் ஈரத்தை இந்தத் தண்ணீரில் கழித்துக்கொள்ள வேண்டும். 5 சதவீத ஈரம் என்றால் ஐந்து லிட்டருக்கு மேல் மணலிலேயே வந்துவிட்டது. வரிசை முக்கியம். முதலில் ஜல்லியும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும், டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஃபைபரைத் தூவி, பிறகு மணல், சிமென்ட், மீதித் தண்ணீர், கடைசியில் அட்மிக்சர். ஜல்லி உருண்டு உருண்டுதான் இழைகளைப் பிரிக்கிறது. சாந்து கலந்தபின் ஃபைபரைக் கொட்டினால் உருண்டையாகத்தான் சுற்றும்.

தூவுவது என்றால் நிஜமாகவே தூவ வேண்டும். 40 அல்லது 50 மி.மீ. கண்ணுள்ள கம்பிச் சல்லடையை மிக்சர் வாயில் வைத்து அதன்மேல் கொட்டி ஆட்ட வேண்டும். சல்லடையில் தங்கும் உருண்டையைப் பிய்த்துப் போட முயலாதீர்கள், வீசுங்கள். ரெடிமிக்ஸ் லாரியில் நிமிடத்துக்கு 20 கிலோவுக்கு மேல் இறக்கக் கூடாது. 6 கன மீட்டர் லாரிக்கு 180 கிலோ, குறைந்தது 9 நிமிடம், அதன்பின் முழு வேகத்தில் 5 நிமிடம் சுற்ற வேண்டும். பிளாண்ட்டில் இந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்க மாட்டார்கள். லாரி வரிசையில் நிற்கும், மூட்டையைப் பிரித்து அப்படியே கவிழ்ப்பார்கள். டயர் ஃபைபர் தரை கெடுவதில் முதல் இடம் இதற்குத்தான். முன்கூட்டியே பேசி, முடிந்தால் ஜல்லி ஏறும் பெல்ட்டின் மேலேயே ஃபைபர் விழும்படி செய்துவிட்டால் பாதித் தலைவலி போகும்.

ஃபைபர் சேர்ந்ததும் ஸ்லம்ப், அதாவது பச்சைக் கான்கிரீட்டின் இளக்க அளவு, 30, 40 மி.மீ. இறங்கும். ஃபைபருக்கு முன் 140 இருந்தால் சைட்டில் 100 கிடைக்கும், தரைக்கு அது போதும். இறுகிப்போனது போலத் தோன்றினாலும் வைப்ரேட்டர் பட்டதும் இளகும். அது தெரியாத மேஸ்திரி டியூபைத் திறந்து தண்ணீர் விடுவார். தண்ணீர் விட்டால் சாந்து இளகி ஃபைபரைத் தாங்காது, பலமும் போகும். ஒரு லிட்டர் அட்மிக்சரைக் கையிருப்பில் வைத்திருப்பது சண்டையைத் தவிர்க்கும்.

எத்தனை கிலோ? 20-க்குக் கீழே போட்டால் போட்டதற்கு அடையாளமே இருக்காது. டயர் ஃபைபரை மட்டும் போட்டு 45-ஐத் தாண்டினால் சாதாரண மிக்சரில் உருண்டை விழும். நீளத்தைத் தடிமனால் வகுத்தால் கொக்கி ஃபைபருக்கு 67 வருகிறது, இதற்கு 100 வருகிறது, பின்னிக்கொள்வது அதனால்தான். சிறந்த வழி கலந்து போடுவது: கொக்கி ஃபைபர் 20 கிலோ, டயர் ஃபைபர் 10 கிலோ. சின்ன விரிசலை மெல்லிய இழைகள் பிடிக்கும், பெரிய விரிசலைக் கொக்கி பிடிக்கும். ஷெஃபீல்டு ஆய்வுகளிலும் இப்படிக் கலந்து போட்டவை நல்ல முடிவு தந்தன. புதிய ஃபைபரை முழுவதும் தூக்கிவிட்டு டயர் ஃபைபரை அதே எடையில் போடுங்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சொன்ன அளவு ஃபைபர் கலவையில் இருக்கிறதா என்று பார்க்க, லாரியின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் 10 லிட்டர் வாளியில் பச்சைக் கான்கிரீட் பிடித்து, தண்ணீரில் அலசி, காந்தத்தால் இழைகளை எடுத்து, உலர்த்தி எடை போட வேண்டும். 30 கிலோ கணக்குக்கு வாளிக்கு 300 கிராம். மூன்றின் சராசரி 255-க்குக் குறையக் கூடாது, எந்த ஒரு வாளியும் 240-க்குக் குறையக் கூடாது. ஐரோப்பிய ஈஎன் 206 தரத்தின் 85, 80 சதவீதக் கணக்கு இது. டயர் ஃபைபரில் காந்தத்துக்குத் தப்பும் தூள் இழைகள் உண்டு, நிதானமாக அலசுங்கள்.

போடும்போதும் முடிக்கும்போதும்

ஊசி வைப்ரேட்டரை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் ஃபைபர் விலகி, வெறும் சாந்துத் துளை நின்றுவிடும். பரப்பு வைப்ரேட்டர் அல்லது அதிரும் மட்டப்பலகை போதும். ஓரத்தில் மட்டும் ஊசியை வேகமாக விட்டு மெதுவாக எடுக்கலாம். மண்வெட்டியால் இழுப்பதைவிட இரும்பு வாரியால் தள்ளுவது சுலபம். நேற்றுப் போட்ட தளத்தின் விளிம்பில் ஃபைபர் கடந்து போகாது என்பதை மறக்க வேண்டாம், அங்கே இரண்டு தளத்தையும் இணைக்கும் டவல் கம்பி வழக்கம்போலத் தேவை.

ட்ரோவல் போடும்போது மேற்பரப்பில் முடிபோல இழை நீட்டிக்கொண்டு நிற்கும். கொக்கி ஃபைபரில் கிலோவுக்கு மூவாயிரம்தான், அங்கங்கே ஒன்று தெரியும், இதில் லட்சக்கணக்கு. தரைமேல் தூவும் ஹார்ட்னரைச் சதுர மீட்டருக்கு 4, 5 கிலோ போட்டு பவர் ட்ரோவல் அடித்தால் பெரும்பாலும் அமுங்கிவிடும். பவர் ட்ரோவலை அவசரப்பட்டு இறக்கினால் படுத்திருக்கும் இழையையும் கிளப்பிவிடும். கால் வைத்தால் 3, 4 மி.மீ. மட்டும் பதியும் நேரம்தான் சரி.

ஜாயின்ட் வெட்டு: 150 மி.மீ. தளத்துக்கு நாலிலிருந்து நாலரை மீட்டர் இடைவெளி, ஆழம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 மி.மீ. சாதாரணக் கான்கிரீட்டில் கால் பங்கு ஆழம் போதும். ஃபைபர் கான்கிரீட்டில் கால் பங்கு வெட்டினால் வெட்டிய கோட்டில் விரிசல் விழாமல் பக்கத்தில் விழும், இழைகள் அடியில் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைபர் போட்டதால் ஜாயின்ட்டே வேண்டாம் என்கிற பேச்சு 30 கிலோவுக்குப் பொருந்தாது.

கியூரிங்கில் எந்தச் சலுகையும் இல்லை. வழக்கம்போலத்தான்.

எங்கே, எங்கே கூடாது

குடோன், யார்டு, உள்சாலைக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். சாலைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி:எஸ்பி:46 வழிகாட்டி இருக்கிறது. அமெரிக்க ஏஎஸ்டிஎம் ஏ820, ஐரோப்பிய ஈஎன் 14889-1 இரண்டிலும் டயர் ஃபைபருக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஆகவே டெண்டரில் "ஏஎஸ்டிஎம் தரம்" என்று மட்டும் எழுதினால் இந்தச் சரக்கை அளக்க அது உதவாது; நீளப் பங்கீடு, ரப்பர் அளவு, உத்தரச் சோதனை மூன்றையும் தனியே எழுத வேண்டும்.

இதற்கு மிகப் பொருத்தமான இடம் என்று நாங்கள் நினைப்பது வார்ப்புப் பொருட்கள்: மேன்ஹோல் மூடி, வடிகால் பலகை. நம் தெருக்களில் கிடக்கும் கான்கிரீட் மேன்ஹோல் மூடிகளில் பல ஸ்டீல் ஃபைபர் போட்டவைதான். ஐஎஸ் 12592 அவற்றை 2.5 டன், 10 டன், 20 டன், 35 டன் என்று தரம் பிரித்து, மூடியையே அழுத்திப் பார்க்கச் சொல்கிறது. மூட்டைக்கு மூட்டை ஃபைபர் மாறினாலும் செய்து முடித்த பொருளையே சோதிப்பதால் மோசமான சரக்கு பிடிபட்டுவிடும். தரையில் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆறு மாதம் கழித்து விரிசல்தான் சொல்லும்.

தாங்கும் சிலாப், பீம், தூண், கான்டிலீவர் சன்ஷேட் இவற்றில் கம்பிக்குப் பதிலாக ஒருபோதும் கூடாது. "ஃபைபர் போட்டிருக்கு, 8 மி.மீ. கம்பியை எடுத்துடலாம்" என்று சொல்லும் ஒப்பந்ததாரரிடம் டிசைனரின் கையெழுத்தைக் கேளுங்கள். தரையிலும்கூட இரும்பு மிச்சமாகும் என்ற கணக்கு தப்பு: 8 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் இருபக்கமும் கட்டினால் சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 150 மி.மீ. தளத்தில் 30 கிலோ ஃபைபர் என்றால் நாலரை கிலோ. மிச்சமாவது கம்பி கட்டும் கூலியும் நாளும். கூடவே, கட்டிய மெஷ்ஷை ஆட்கள் மிதித்து அடியில் அமுக்கிவிடும் பிரச்சினையும் போகும்.

வெறுங்காலில் நடக்கும் இடத்துக்கு வேண்டாம். வீட்டு மொட்டைமாடி, பள்ளித் திண்ணை, நெல் காயப்போடும் களம் மூன்றும் அதில் சேரும். களத்தில் இன்னொரு தொல்லை, தேய்ந்து உடையும் இழைத்துணுக்கு நெல்லோடு கூட்டிச் சேர்ந்துவிடும்.

துருவைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. மேற்பரப்பில் கிடக்கும் இழைகள் துருப்பிடிக்கும், மழைக்குப்பின் காவிப் புள்ளிகள் தெரியும். உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாகக் கிடப்பதாலும் மெல்லியவை என்பதாலும், கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளப்பது போல இவை பிளக்காது. அழகு முக்கியமான தரை, ஷோரூம் முகப்பு என்றால் வேறு பொருள் பாருங்கள்.

விலை, இருப்பு

டயர் ஃபைபரைத் தனியாகப் போட்டு, அதே உத்தரச் சோதனை முடிவை எட்ட 40 சதவீதம் கூடுதல் கிலோ தேவைப்பட்டால், அதன் கிலோ விலை புதியதன் விலையில் 71 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் லாபம். அட்மிக்சர் கூடுதல், மிக்சர் நேரம், சல்லடை பிடிக்க இரண்டு ஆள் இவற்றையும் சேர்த்தால் பாதி விலைக்கு மேல் கேட்கும் மூட்டையை வாங்குவதில் அர்த்தமில்லை. பத்துக்கு இருபது என்று கலந்து போடும்போது இந்தக் கணக்கு இன்னும் இளகும்.

மழைக்காலத்தில் இருப்பு வைக்காதீர்கள். 0.2 மி.மீ. இழை ஒரு கிலோவின் மொத்தப் பரப்பு இரண்டரை சதுர மீட்டர். கொக்கி ஃபைபரைவிட நாலு மடங்குக்கு மேல். சிமென்ட் தரையில் நேராக வைத்த மூட்டை, ஈரம் ஏறினால் துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிடும். லேசான காவி நிறம் கெடுதல் இல்லை. உதறினால் பொடி கொட்டுமளவு துரு என்றால் திருப்பி அனுப்புங்கள். பலகைமேல், பாலிதீன் போர்த்தி, போடும் வாரத்தில் இறக்குவதே நல்லது.

ஆட்களுக்குத் தோல் கையுறை, கண்ணாடி, மூடிய ஷூ. செருப்புக் காலோடு சித்தாளை இந்த மூட்டை பிரிக்க விடாதீர்கள். தடித்த கொக்கி ஃபைபர் கீறும், இது ஊசிபோல உள்ளே இறங்கி ஒடிந்துகொள்ளும், எடுப்பது கடினம். வேலை முடிந்த மறுநாள், ஜாயின்ட் வெட்டிய தூளைக் கழுவும் முன், சக்கரம் வைத்த காந்தப் பட்டையைத் தளம் முழுக்க இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் இழுக்க வேண்டும். மிக்சர் நின்ற இடத்தைச் சுற்றி நாலு மீட்டருக்கு மூன்று தடவை.